இந்த அலைக்கு எந்த ஊர்?

காற்றே இல்லாத நாளில் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? தென்னை ஓலை அசையாது, படகில் கட்டியிருக்கும் கொடி துவண்டு தொங்கும், ஆனால் அலை மட்டும் தன் பாட்டுக்கு வந்து மோதிக்கொண்டே இருக்கும். அலையைக் கிளப்புவது காற்று என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். சரி, காற்றைக் காணோமே, அப்புறம் இது எங்கிருந்து வருகிறது?

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டத்தில் பாறை மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அலையை எண்ணிப் பார்த்தேன். ஒரு முகடு பாறையைத் தொட்டதிலிருந்து அடுத்த முகடு தொடும் வரை எத்தனை நொடி, அவ்வளவுதான் கணக்கு. ஒன்றை மட்டும் அளந்தால் பிசகும் என்று பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தேன், 160 நொடி வந்தது. அதாவது ஓர் அலைக்கு 16 நொடி. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கடலுக்கு நாடி பாக்குதியோ மக்களே?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். இந்த நாடி பார்க்கும் வித்தையை ஒழுங்கான அறிவியலாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் வால்டர் மங்க். 1917-ல் வியன்னாவில் பிறந்து, 2019-ல் கலிஃபோர்னியாவில் 101 வயதில் இறந்துபோன இயற்பியலாளர்.

அவர் கதைக்குப் போகும் முன் அலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு புரியாது.

நெல் வயலில் காற்று அடிக்கும்போது பச்சையாக ஓர் அலை வரப்பு வரை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பயிர் எதுவும் ஓடவில்லை, ஒவ்வொரு தாளும் நின்ற இடத்திலேயே சாய்ந்து நிமிர்கிறது. கடலிலும் இதே கதைதான். ஆழ்கடலில் அலை கடந்து போகும்போது தண்ணீர்த் துளி ஒரு வட்டம் அடித்துவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். முன்னால் பயணம் போவது ஆற்றல். நங்கூரம் போட்ட படகு மேலும் கீழும் ஏறி இறங்குகிறதே தவிர அலையோடு கரைக்கு வந்துவிடுவதில்லை என்பது மீன்பிடிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம்.

அலையின் உயரம் வழியில் மாறும், கரைக்கு வந்தால் அலைநீளம் சுருங்கும், வேகம் குறையும். மாறாத ஒன்று உண்டு: இரண்டு முகடுகளுக்கு நடுவில் உள்ள நேரம். நடுக்கடலில் 16 நொடியாகக் கிளம்பியது கரையிலும் 16 நொடிதான். அதனால்தான் உயரத்தை விட்டுவிட்டு நொடியை எண்ணினேன்.

இனி மங்க். வீட்டில் வங்கிக்காரக் குடும்பம். படிப்பில் அக்கறை இல்லாமல் பனிச்சறுக்கே கதியென்று கிடந்த பையனை, உருப்படட்டும் என்று 14 வயதில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்புறம் வங்கி வேலை. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் அதை உதறிவிட்டு, கலிஃபோர்னியாவில் உள்ள கால்டெக் கல்லூரிக்குப் போய் நின்றார். விண்ணப்பம் போடவில்லை, கடிதம் எழுதவில்லை, நேராக டீன் அறை. உன் கோப்பு எங்கே என்று தேடினால் கோப்பே கிடையாது. டீனுக்குச் சிரிப்பு வந்து, நுழைவுத் தேர்வு எழுதிப் பார் என்று விட்டார், இவரும் உட்கார்ந்து படித்துத் தேறிவிட்டார். இன்றைக்கு இப்படி ஒருவர் போய் நின்றால் வாசல் காவலாளியைத் தாண்ட மாட்டார்.

1939 கோடை விடுமுறையில் அவர் கடலுக்கு வந்தது அறிவியல் ஆர்வத்தால் என்று நினைக்காதீர்கள். அவர் விரும்பிய பெண் விடுமுறைக்கு லா ஹோயா என்ற கடலோர ஊருக்கு வந்திருந்தாள், அந்த ஊரில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இருந்தது, அங்கே ஒரு கோடைகால வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். காதல் நிலைக்கவில்லை, ஸ்கிரிப்ஸ் நிலைத்தது. நிறுவனத்தின் இயக்குநர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்ற நார்வேக்காரரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாமா என்று கேட்டபோது, அடுத்த பத்து ஆண்டுகளில் கடலியலில் ஒரு வேலைகூடக் காலியாகும் என்று தோன்றவில்லை என்றாராம் அவர். சேர்கிறேன் என்றுவிட்டார் மங்க்.

பத்து ஆண்டெல்லாம் ஆகவில்லை, போர் வந்துவிட்டது. ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கிவிட்டதால் மங்க் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார், ராணுவத்திலும் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு கடற்படைக்கான ஆராய்ச்சிக்கு வந்தார். 1942-ல் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் படைகளை இறக்க நேச நாடுகள் திட்டமிட்டன. அதற்கான ஒத்திகை அமெரிக்காவின் கரோலினா கரையில் நடந்தது. படை இறக்கும் படகு தட்டையான அடிப்பாகத்தோடு ஒரு பெட்டி மாதிரி இருக்கும், முன்பக்கக் கதவு கீழே சாய, வீரர்கள் அதன் வழியாக இறங்குவார்கள். அலை ஆள் உயரத்தைத் தாண்டினால் இந்தப் பெட்டி பக்கவாட்டில் திரும்பி, தண்ணீர் புகுந்து, ஆட்கள் அடிபட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒத்திகையை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். மங்க் ஆப்பிரிக்கக் கரையின் பழைய பதிவுகளைப் புரட்டினால், குளிர்காலத்தில் அங்கே அலை பெரும்பாலும் அந்த அளவைவிடப் பெரிது. போரில் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்ப முடியாதே. அப்போது அவருக்கு வயது 24, மேலதிகாரிகள் காது கொடுக்கவில்லை. ஸ்வெர்ட்ரப்பை வரவழைத்தார், அதன் பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு மூன்று கட்டமாக இருந்தது. முதலில் புயல் நடக்கும் இடம்: காற்று எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம், எவ்வளவு நீளமான கடற்பரப்பின் மேல் அடித்தது என்பதை வைத்து அங்கே எழும் அலையைக் கணிப்பது. இரண்டாவது, அந்த அலை காற்றை விட்டு விலகி, ஒழுங்கான நீண்ட வரிசைகளாக மாறிப் பயணம் போகும் கட்டம். இதை ஆங்கிலத்தில் ஸ்வெல் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன், தூரத்து அலை என்று புரிந்துகொண்டால் போதும். மூன்றாவது, கரையில் ஆழம் குறைந்து அலை எழும்பி உடைவது. வானிலை வரைபடம் இருந்தால் கரையில் நாளை மறுநாள் என்ன உயரத்தில் அலை உடையும் என்று சொல்லலாம். 1942 நவம்பரில் மொராக்கோ கரையில் படை இறங்கியபோது நல்லவேளையாகக் கடல் ஓரளவு அமைதியாக இருந்தது. 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கம் ஒருநாள் தள்ளிப்போய் 6-ம் தேதி நடந்ததே, அதற்கான அலைக் கணிப்புக்கும் இதே முறைதான், ஸ்கிரிப்ஸில் பயிற்சி பெற்ற ஆட்களும் அந்த வேலையில் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் பிறந்த ஓர் அளவு இன்றைக்கும் நம் செய்திகளில் தினமும் வருகிறது, ஆனால் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடலில் அலையெல்லாம் ஒரே உயரம் இல்லை, சின்னதும் பெரிதும் கலந்துதான் வரும். அப்படியிருக்க இன்று அலை உயரம் 2 மீட்டர் என்றால் எந்த அலையின் உயரம்? படகு ஓட்டுபவர்களிடம் அலை எவ்வளவு உயரம் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் எண் சராசரியைவிட எப்போதும் அதிகமாக இருந்தது, சின்ன அலைகள் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்கள் சொன்னது மொத்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியோடு ஒத்துப்போனது. சரி, அதையே அளவாக வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. ஆக, எச்சரிக்கையில் 2 மீட்டர் என்று வந்தால் அதைவிடப் பெரிய அலையே வராது என்று அர்த்தம் இல்லை. அந்த நாளிலேயே ஏதோ ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு, 4 மீட்டர் அளவுக்குக்கூட எழலாம். பாறையில் நின்று படம் எடுக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த ஏதோ ஒன்றுதான்.

போர் முடிந்த பிறகு மங்க்கைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு: இந்த ஸ்வெல் எவ்வளவு தூரம் போகும்? இங்கேதான் நொடிக் கணக்கு வருகிறது.

ஆழ்கடலில் எல்லா அலையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இடைவெளி நேரம் அதிகமான அலைக்கு வேகம் அதிகம். சூத்திரம் எளிது, நொடியை 1.56-ஆல் பெருக்கினால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 10 நொடி அலையின் முகடு நொடிக்கு 15.6 மீட்டர், 20 நொடி அலை 31 மீட்டர், அதாவது மணிக்கு 112 கிலோமீட்டர். 20 நொடி அலையின் இரண்டு முகடுகளுக்கு நடுவே 600 மீட்டருக்கு மேல் இருக்கும், நடுக்கடலில் கப்பலில் இருப்பவருக்கு அப்படி ஒன்று கடந்து போனதே தெரியாமல் போகலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனி முகடு ஓடும் வேகம் ஒன்று, அலைக் கூட்டம் மொத்தமாக நகரும் வேகம் அதில் பாதி. கோயில் குளத்தில் ஒரு பெரிய கல்லைப் போட்டுவிட்டு வளையத்தை உற்றுப் பாருங்கள். உள்பக்கம் புதிதாக ஒரு வரி முளைத்து, முன்னால் ஓடி, வளையத்தின் வெளி விளிம்புக்கு வந்ததும் மறைந்துவிடும், பின்னால் இன்னொன்று முளைக்கும். முன்வரிசைக்காரன் காணாமல் போய்க்கொண்டே இருப்பதால் கூட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஆற்றல் வருவது இந்தக் கூட்டத்தின் வேகத்தில். எனவே 20 நொடி அலையின் ஆற்றல் நம் கரைக்கு வருவது மணிக்கு 56 கிலோமீட்டரில், 15 நொடி அலை 42-ல், 10 நொடி அலை 28-ல்.

பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள், இளவட்டங்கள் முதலில் வந்து சேர்கிறார்கள், வயதானவர்கள் பின்னால் வருகிறார்கள். ஊர் பக்கத்தில் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அரைமணி நேர வித்தியாசம் இருக்கும், தூரத்து ஊர் என்றால் அதுவே ஒருநாள் ஆகிவிடும். அடிவாரத்தில் நிற்கிறவருக்கு இரண்டு பேரின் நடை வேகமும் தெரிந்தால், யாரையும் கேட்காமலே அவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கடலிலும் அப்படியே. முதலில் 20 நொடி அலை வருகிறது, இரண்டரை நாள் கழித்து 15 நொடி அலை வருகிறது என்று வைப்போம். 10,000 கிலோமீட்டரை 56-ஆல் வகுத்தால் சுமார் 179 மணி, 42-ஆல் வகுத்தால் 238 மணி, வித்தியாசம் 59 மணி, அதுதான் அந்த இரண்டரை நாள். எனவே புயல் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால், முதல் அலை வந்த நாளுக்கு ஏழரை நாள் முன்னால் அடித்தது. ஊரும் தெரிந்துவிட்டது, தேதியும் தெரிந்துவிட்டது.

இந்த வழியில் முதலில் நடந்தவர் மங்க் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் பார்பர், அர்செல் என்ற இருவர் கார்ன்வால் கரை அலைகளை வைத்து அட்லாண்டிக்கின் தொலைதூரப் புயல்களைக் கண்டுபிடித்து 1948-லேயே எழுதிவிட்டார்கள். மங்க் செய்தது அதை உலகத்தின் நீளத்துக்கு இழுத்தது. 1956-ல் அவரும் ஃபிராங்க் ஸ்னாட்கிராஸ் என்ற பொறியாளரும் மெக்சிகோவுக்கு மேற்கே உள்ள குவாடலூப் தீவின் அருகே கடலடியில் அழுத்தமானி வைத்தார்கள். மேலே அலை கடக்கும்போது அடியில் தண்ணீரின் அழுத்தம் லேசாகக் கூடிக் குறையும், அதை விடாமல் பதிவு செய்வது. வந்த அலைகளில் சிலவற்றுக்குத் தூரம் கணக்கிட்டால் சுமார் 15,000 கிலோமீட்டர். பசிபிக்குக்குள் அடங்குகிற தூரமாக அது இல்லை. அண்டார்டிகாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக இந்தியப் பெருங்கடல் புயலின் அலை மெக்சிகோ வரை வந்திருக்கிறது!

அப்படியானால் வழியில் அது எவ்வளவு தேய்கிறது? இதைப் பார்க்க 1963-ல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக்கின் குறுக்கே ஆறு இடங்களில் கருவி வைத்தார்கள். நியூசிலாந்து, சமோவா, ஆளில்லாத பல்மைரா பவளத்தீவு, ஹவாய், கடைசியில் அலாஸ்காவின் யாகுடாட். மங்க் மனைவி ஜூடித்தையும் மகள்களையும் கூட்டிக்கொண்டு சமோவாவில் தங்கினார். கடலுக்குள்ளிருந்து கேபிள் வரும், அளவுகள் காகித நாடாவில் துளைத் துளையாக விழும். ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தீவு எதுவும் கிடையாது, அங்கே நிறுத்தியது ஃப்ளிப் என்ற விசித்திரக் கப்பலை.

அந்தக் கப்பலைப் பற்றி நான்கு வரியாவது எழுதாமல் விட மனசு வரவில்லை. நீளம் 108 மீட்டர். படுத்தவாக்கில் இழுத்துக்கொண்டு போவார்கள். இடத்துக்குப் போனதும் பின்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்ப, கப்பல் மெல்ல எழுந்து செங்குத்தாக நின்றுவிடும், 90 மீட்டர் தண்ணீருக்குள், மிச்சம் ஐந்து மாடிக் கட்டடம் மாதிரி வெளியே. சுவர் தரையாகும், தரை சுவராகும். அதனால் உள்ளே கைகழுவும் தொட்டி இரண்டு பொருத்தியிருந்தார்கள், ஒன்று படுத்திருக்கும்போது, இன்னொன்று நின்றிருக்கும்போது. அடிப்பாகம் அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் மேலே அலை அடித்தாலும் இது அவ்வளவாக ஆடியதில்லை.

எதிர்பார்த்தது, பூமத்திய ரேகைப் பக்கம் எப்போதும் ஒரே திசையில் வீசும் வணிகக் காற்று கிளப்பும் குட்டி அலைகளின் கூட்டத்தில் மாட்டி ஸ்வெல் சிதறி நலிந்துவிடும் என்பது. அப்படி நடக்கவில்லை. புயலை விட்டு வெளியே வந்த நீண்ட அலை, பசிபிக் முழுவதையும் தாண்டியும் ஏறக்குறைய எதையும் இழக்காமல் அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. பரப்பு விரிவதால் உயரம் குறையும், அது வேறு, ஆற்றல் அழிந்துபோவது கரையில் உடையும்போதுதான். ஹவாய் நிலையத்தைப் பார்த்துக்கொண்ட இளைஞர் கிளாஸ் ஹாசல்மன். அலைகள் ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் கோட்பாட்டை எழுதியவர் அவர், 2021-ல் காலநிலை ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார்.

மங்க் அதோடு நிற்கவில்லை, ஒரே விஷயத்தில் நிற்கிற ஆளும் அவர் இல்லை. கடல்மேல் சூரியன் மினுங்குவதை விமானத்திலிருந்து படம் எடுத்து, மினுக்கத்தின் பரவலை வைத்தே அலைகளின் சரிவைக் கணக்கிட்டார், செயற்கைக்கோள் ஆய்வில் இன்றும் அது பயன்படுகிறது. 1991 ஜனவரியில் தெற்கு இந்தியப் பெருங்கடலின் ஹேர்ட் தீவு அருகே கடலுக்குள் ஒலி எழுப்பி, அமெரிக்காவின் இரண்டு கரைப் பக்கமும் அது கேட்கிறதா என்று பார்த்தார், கேட்டது. ஒலியின் வேகத்தை வைத்துக் கடல் சூடாவதை அளக்கும் திட்டத்துக்கு அது முன்னோட்டம். கூட்டமாகத் துள்ளும் ஒரு திருக்கை இனத்துக்குக்கூட அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். லா ஹோயாவில் அவரும் ஜூடித்தும் கட்டிய வீட்டின் பெயர் செய்ஷ், ஏரியிலோ துறைமுகத்திலோ தண்ணீர் முன்னும் பின்னும் ஊசலாடும் அலைக்கு அறிவியலில் அதுதான் பெயர்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர், குமரிக் கரையிலும் புழங்குகிறது. காற்றும் இல்லாமல், மழையும் இல்லாமல், கடல் திருடன் மாதிரி திடீரென்று ஏறி வீட்டுவாசல் வரை வருவதுதான் கள்ளக்கடல். இது சுனாமி கிடையாது. சுனாமியின் முகடுகளுக்கு நடுவே பத்து நிமிடம் முதல் ஒரு மணி வரைகூட ஆகும், கள்ளக்கடலுக்கு 15, 20 நொடிதான். தென் இந்தியப் பெருங்கடலில் அண்டார்டிகா பக்கம் அடித்த புயலின் ஸ்வெல் அது. குறுக்கே பெரிய நிலம் எதுவும் இல்லாததால் நேராக வந்து சேர்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, மங்க் வகையறாக்கள் போட்டுக் கொடுத்த அதே அடித்தளத்தில்தான். 2024 மே 6-ம் தேதி குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்ததும் அப்படி ஓர் எச்சரிக்கை வெளியாகியிருந்த சமயத்தில்தான். வானம் தெளிவாக இருக்கும்போது கடலைப் பார்த்துப் பயப்பட யாருக்கும் தோன்றுவதில்லை.

முட்டத்துப் பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். ஒற்றை எண்ணை வைத்துத் தூரம் சொல்ல முடியாது, அதற்கு இரண்டு நாளாவது உட்கார்ந்து எண்ண வேண்டும். ஆனால் தெற்கு அட்சரேகை 50 பாகைப் பக்கம் அடித்த புயலாக இருந்தால் இங்கிருந்து சுமார் 6,400 கிலோமீட்டர், 16 நொடி அலை மணிக்கு 45 கிலோமீட்டரில் வரும், ஆறு நாள் ஆகும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்போ திங்கக்கெழம கெளம்புனது" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார்.